பன்னிரண்டாவது யானை

பூட்டு ரிப்பேர்க்காரருக்கு இரண்டு பெண்கள். பெரியவளை ஒரு பஸ் கண்டக்டருக்குக் கொடுத்தார். அவள் மூன்று பிள்ளை பெற்று, மூன்றையும் கரையேற்றிவிட்டு, இப்போது நாலாவதாகத் தன் மாமியாரை வளர்த்துக்கொண்டிருக்கிறாள். அது வேறு கதை. சின்னவளை ஒரு லிஃப்ட் மெக்கானிக் கட்டினார். தங்கமான மனுஷன். ஆனால் ஒரு நாளைக்கு எட்டு வார்த்தைக்கு மேல் பேசினால் தொண்டை தேய்ந்துவிடும் என்பது போல இருப்பார். அவர் பங்கையும் சேர்த்துப் பேசுவதற்கு அவருக்கு ஓர் அக்கா இருந்தாள். கல்யாணமான ஏழாம் மாதமே பெட்டியோடு திரும்பி வந்து தம்பி வீட்டில் உட்கார்ந்தவள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. சின்னவளுக்கு அவள் அண்ணி. சின்னவளுக்குப் பிள்ளை இல்லை. ஏன் இல்லை என்று யாராவது வாயைத் திறந்தால், சின்னவள் பதில் தேடுவதற்குள் அண்ணி முந்திக்கொண்டு கேட்டவர்களைத் தெருமுனைவரை விரட்டிவிட்டு வருவாள். அப்படியொரு பாசம், அப்படியொரு வாய்.

இரண்டு பேருக்கும் ஒரே சட்டைக் கம்பெனியில் வேலை. சின்னவள் மெஷினில் காலர் தைப்பாள். அண்ணி செக்கிங் மேஜையில் நிற்பாள். அந்தக் கம்பெனியில் ஊசிக்கு ஒரு சட்டம் உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டையெல்லாம் பொறுக்கி, ஒரு தாளில் வரிசையாக வைத்து, மேலே டேப் ஒட்டி, தேதியும் மெஷின் நம்பரும் எழுதி செக்கிங் மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும். துண்டுகள் சேர்ந்து முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து அண்ணி கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. கடுகளவு குறைந்தாலும் அந்த வரிசை முழுவதும் நிற்கும். தைத்த சட்டையை எல்லாம் உதறித் தேடுவார்கள்.

"உடைஞ்சது உன் ஊசின்னு நெனைக்காத. எவனோ ஒருத்தன் கழுத்துல போய் நிக்கப்போற ஊசி அது," என்பாள் அண்ணி. நாத்தனார், தம்பி பெண்டாட்டி என்ற உறவெல்லாம் அந்த மேஜையில் செல்லாது. சின்னவளை இரண்டு தடவை முட்டிபோட்டுத் தரையில் தேட வைத்திருக்கிறாள்.

பிறகு காலர் வரிசையை மூடிவிட்டார்கள். காலையில் போனபோது மெஷின்களுக்குத் துணி போர்த்தியிருந்தது, செத்தவர்களுக்குப் போர்த்துவது போல. அண்ணிக்கு வேலை மிஞ்சியது. சின்னவள் வீட்டுக்கு வந்தாள்.

வந்தவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அந்த மாதம்தான் மாடிவீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். அவர்கள் போட்டுவிட்டுப் போன குப்பைக்கூடையில் ஒரு முயல் கிடந்தது. உல்லன் நூலில் குரோஷா ஊசியால் பின்னிப் பஞ்சு அடைத்த பொம்மை. ஒரு காது தொங்கிப்போய், ஒரு கண் இல்லாமல் இருந்தது. தைத்துவைக்கலாம் என்று எடுத்தாள். தொங்கிய நூலை இழுத்தால் முயல் அவிழ ஆரம்பித்தது. நிறுத்துவதற்குப் பதில் அவள் இழுத்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு சுற்று அவிழும்போதும் எத்தனை கண்ணி என்று எண்ணி, காலண்டர் தாளின் முதுகில் எழுதினாள். முப்பத்தாறு, முப்பது, இருபத்துநாலு, பதினெட்டு, பன்னிரண்டு, ஆறு. ஆறுக்குப் பிறகு கையில் ஒன்றும் இல்லை. மடியில் ஒரு குவியல் நூலும் பஞ்சும் கிடந்தன. அப்புறம் கீழேயிருந்து மேலே படித்துக்கொண்டு அதே முயலைத் திரும்பப் பின்னினாள்.

சாயங்காலம் வந்த அண்ணி முயலைத் தூக்கிப் பார்த்தாள். "செத்தவன உயிரோட எழுப்பிட்டியேடி," என்றாள். செக்கிங் மேஜைக்காரி வாயில் வந்த முதல் பாராட்டு அதுதான்.

மூன்றே மாதத்தில் சின்னவள் முயலை விட்டுவிட்டுத் தானாக யோசித்துப் பின்ன ஆரம்பித்தாள். ஆறு ஆறாகக் கூட்டினால் உருண்டை வரும். கூட்டாமல் போனால் குழாய். ஒரே பக்கம் கூட்டினால் வளையும், அதுதான் வாத்தின் கழுத்து. கணக்கு பிடிபட்டதும் ஆமை, கரடி, குட்டைக்கால் நாய் எல்லாம் வந்தன. எல்லாவற்றுக்கும் காலண்டர் தாளில் கணக்கு எழுதிவைப்பாள்.

ஆனால் அவிழ்த்துப் படித்தவளுக்கு ஒரு விஷயம் தெரியாமலே போயிற்று. பின்னும்போது எந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்பதை அவிழ்ந்த நூல் சொல்லாது. அவள் உள்பக்கத்தை வெளியே வைத்துத்தான் பின்னினாள். முடிக்கப்போகும் சமயத்தில், காலுறையைத் திருப்புவது போல விரலை விட்டு மொத்தத்தையும் திருப்பிவிடுவாள். வெளியே இருந்தது உள்ளே போய்விடும். பிறகு பஞ்சு அடைத்து வாயைக் கட்டுவாள். பார்ப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

சுற்று எங்கே ஆரம்பித்தது என்று மறந்துபோகாமலிருக்க, முதல் கண்ணியில் ஒரு ஊக்கை மாட்டிக்கொள்வாள். அடுத்த சுற்று வந்ததும் கழற்றி மேலே மாட்டுவாள். திருப்புவதற்கு முன் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவாள். இருமல் மாத்திரை வந்த தகர டப்பா, உள்ளே பன்னிரண்டு ஊக்கு. ஒவ்வொரு பொம்மையின் வாயைக் கட்டுமுன்னும் டப்பாவைத் தட்டி எண்ணுவாள். கம்பெனி பழக்கிவிட்ட பழக்கம். பன்னிரண்டு இருந்தால்தான் கட்டுவாள்.

வேலைக்குப் போகிறவர்கள் பகலில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக, பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. அங்கிருந்த டீச்சர் ஒரு நாள் வந்து ஆமையையும் வாத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யானை செய்வீங்களா? எங்க பசங்க பன்னிரண்டு பேர். வருஷக் கடைசியில ஆளுக்கு ஒண்ணு குடுத்து அனுப்பலாம்னு."

"செஞ்சிடலாம் டீச்சர்."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் நானே வந்து வாங்கிக்கிறேன். பன்னிரண்டும் ஒரே மாதிரி இருக்கணும், இல்லன்னா என் தலைமுடிய பிச்சுடுவாங்க."

ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றதும் சின்னவளுக்குக் கம்பெனிப் புத்தி வந்துவிட்டது. ஒன்றை முடித்து அடுத்ததைத் தொடாமல், வரிசை போட்டாள். முதலில் பன்னிரண்டு தும்பிக்கை. பிறகு இருபத்துநாலு காது. பிறகு பன்னிரண்டு உடம்பு, ஒவ்வொன்றிலும் ஓர் ஊக்கு, டப்பா காலி. வெள்ளிக்கிழமை காலையில் எல்லா உடம்பையும் முடித்துக் கட்டிலில் வரிசையாக வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பினாள். ஊக்கைக் கழற்றினாள், திருப்பினாள், பஞ்சு அடைத்தாள், வாயைக் கட்டினாள். கை பறந்தது. சாப்பாட்டை மறந்தாள். கடைசி யானையின் வாலைத் தைத்துவிட்டு டப்பாவைத் தட்டியபோது வாசலில் டீச்சரின் செருப்புச் சத்தம் கேட்டது.

பதினொன்று.

மறுபடி எண்ணினாள். பதினொன்று. தலையணையைத் தூக்கினாள், பாயை உதறினாள். டீச்சர் உள்ளே வந்து "ஐயோ, எவ்வளவு அழகு," என்று சொல்லிக்கொண்டே யானைகளை ஒரு பெரிய பையில் போட ஆரம்பித்தாள். சின்னவள் வாயைத் திறந்தாள். அண்ணி ஒன்றை எடுத்திருப்பாள், கைப்பை வார் அறுந்துவிட்டது என்று நேற்றுத்தானே சொன்னாள் என்று மனதுக்குள் ஒரு குரல். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அவள் பேசாமல் நின்றாள். பை தெருவைத் தாண்டிப் போயிற்று.

சாயங்காலம் அண்ணி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள். "அண்ணி, டப்பாலேருந்து ஊக்கு எடுத்தீங்களா?"

"நான் எதுக்கு எடுக்கிறேன்? வாரத்தான் தச்சுட்டேனே." அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. இருபது வருஷம் அந்த முகத்தைத்தானே மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறாள். "எத்தனை குறையுது?"

"ஒண்ணு."

இரண்டு பேரும் முட்டிபோட்டுத் தேடினார்கள். கட்டிலடி, கதவிடுக்கு, பஞ்சு மூட்டை, துடைப்பத்தின் ஈர்க்கு இடுக்கு வரை. லிஃப்ட் மெக்கானிக்கும் வந்து, என்ன ஏது என்று கேட்காமல், அவரும் முட்டிபோட்டார். ஊக்கு இல்லை.

"நான் போய் டீச்சர்கிட்ட சொல்லிடறேன்," என்றாள் சின்னவள்.

"என்னன்னு? குழந்தைங்க கட்டிப்பிடிச்சுத் தூங்கற பொம்மைக்குள்ள ஊக்க வச்சுத் தச்சிட்டேன்னா? நாளைக்கு உன் கையால ஒரு முழம் நூல் வாங்குவாங்களா? தெருவுல நடக்க முடியுமா?" அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "சாயம் போகுது, வேற நூல்ல மாத்தித் தர்றேன்னு சொல்லி வாங்கிடு. பன்னிரண்டும் வந்துடும். பிரிச்சுப் பாரு, எடு, முடிஞ்சுது. யாருக்கும் தெரிய வேணாம்."

ஊசித் துண்டு கடுகளவு குறைந்தாலும் வரிசையை நிறுத்துகிறவள் சொன்னாள். அதனாலேயே சின்னவள் அதைக் கேட்டாள்.

யானைகள் அன்றைக்கே வீடுகளுக்குப் போயிருந்தன. டீச்சர் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினாள். திங்களன்று நான்கு வந்தன. சின்னவள் கத்தரியால் வயிற்றைப் பிரித்து, பஞ்சை வெள்ளைத் துணியில் கொட்டி, விரலால் இழை இழையாகப் பிரித்துப் பார்த்தாள். நான்கிலும் ஒன்றும் இல்லை. புதனன்று ஐந்து. ஒன்றும் இல்லை. ஒவ்வொரு யானையும் வெறும் பஞ்சாக வரவர, மிச்சமிருந்தவற்றின் மேல் பாரம் ஏறிக்கொண்டே போயிற்று. சனிக்கிழமை இரண்டு வந்தன. அந்த இரண்டையும் பிரிக்கும்போது அவளுக்கு ஊக்கு இருக்குமோ என்ற பயம் இல்லை, இருக்கவேண்டுமே என்ற பயம்.

இல்லை.

பதினொரு யானைகள் தோல் உரித்தது போலக் கட்டிலில் கிடந்தன. இனிமேல் சந்தேகம் என்று ஒன்று பாக்கியில்லை. பன்னிரண்டாவது யானைக்குள் இருக்கிறது.

"மிச்சம் ஒரு பையன் வீட்டுல மட்டும் தர மாட்டேங்கறாங்க," என்றாள் டீச்சர். "சாயமெல்லாம் ஒண்ணும் போகல, புள்ள விடமாட்டேங்கறான், இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லிட்டாங்க. வேற ஊருக்கு வீடு மாத்தற அவசரத்துல வேற இருக்காங்க." நம்பர் கொடுத்தாள்.

சின்னவள் போன் செய்தாள். அந்தப் பையனின் அம்மா எடுத்தாள். பின்னால் பெட்டி இழுக்கும் சத்தம், ஒரு குழந்தையின் மழலை.

"நான் யானை பின்னினவங்க பேசறேம்மா. அந்த யானைய…" சொல்லிவிட வேண்டும் என்றுதான் நம்பரை அழுத்தினாள். "அந்தச் சாயம்…"

"பரவால்லக்கா. தண்ணியில கூட முக்கிப் பாத்துட்டேன், ஒரு சொட்டு சாயம் போகல. நீங்க கவலப்படாதீங்க. ரெண்டு வயசுதான் ஆகுது, அத விட்டா சோறு எறங்கல அவனுக்கு."

"சரிம்மா," என்றாள் சின்னவள்.

அந்த ஒரு வார்த்தையோடு போனை வைத்துவிட்டாள். மறுநாள் திரும்பக் கூப்பிட்டபோது மணி போயிற்று, எடுக்கவில்லை. ஒரு வாரத்தில் அந்த நம்பரே இல்லை என்றது. டீச்சருக்கும் அவர்கள் போன இடம் தெரியவில்லை.

பதினொரு யானைகளுக்குப் பதில் பதினொரு ஆமை பின்னிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் யானை பின்னவே இல்லை.

ஊக்கையும் தொடவில்லை. வேறு நிறத்தில் ஒரு முழ நூலை எடுத்து, சுற்று ஆரம்பிக்கும் இடத்தில் குறுக்கே போட்டுக்கொண்டே பின்ன ஒரு வழி கண்டுபிடித்தாள். முடிந்ததும் உருவிவிடலாம். மறந்தாலும் நூல்தான். எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்பதையும் தானாக யோசித்து யோசித்துப் பிடித்துவிட்டாள். கண்ணுக்குப் பிளாஸ்டிக் மணியை விட்டுவிட்டு நூலிலேயே தைத்தாள். இப்படி ஒவ்வொன்றாக மாற்ற மாற்ற, அவள் பொம்மைகளுக்கென்று ஒரு சாயல் வந்துவிட்டது. தூங்கி எழுந்தது போன்ற கண், பொம்மையைச் சுற்றி ஏறுகிற மெல்லிய தையல் வரிசை. பார்த்தவர்கள் இது சின்னவள் கை என்று சொன்னார்கள். காலண்டர் தாள் கணக்குகளை அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டு வாங்கினார்கள். பிறகு அச்சடித்தார்கள். பிறகு போனில் போயின, முகம் தெரியாத ஊர்களுக்கெல்லாம். ஒட்டகச்சிவிங்கி, நத்தை, முள்ளம்பன்றி, கங்காரு. ஒவ்வொரு தாளிலும் முதல் வரி ஒன்றுதான்: சுற்றுக்கு அடையாளம் நூலால் மட்டும் வைக்கவும்.

"ஏன்க்கா ஊக்கு கூடாது?" என்று யாராவது கேட்டால், "இரும்பு கைக்குச் சில்லுனு இருக்கும்," என்பாள்.

அண்ணி கேலி பண்ணுவாள். "காட்டுல எல்லாம் இருக்கு, யானை ஒண்ணத்தான் காணோம்." கேலிதான். சொல்லிவிட்டு சின்னவளின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விடுவாள்.

பஸ்ஸில் ஒரு குழந்தை வீறிட்டால் அதன் கையில் என்ன இருக்கிறது என்று சின்னவள் எட்டிப் பார்ப்பாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் மூன்று தடவை மணி அடிக்கவிட்டுத்தான் எடுப்பாள். அக்கா வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்தார்கள், இடம் மாறினார்கள், ஒன்றுக்குக் கல்யாணம்கூட ஆயிற்று. அவள் மட்டும் அந்தப் பையனுக்கு வயசு எண்ணிக்கொண்டிருந்தாள். இப்போது நாலு. இப்போது ஆறு. இருந்தால் ஆறு என்று ஒரு நாள் நினைத்துவிட்டாள். அன்று முழுவதும் ஊசியைத் தொடவில்லை.

எட்டாவது வருஷம் ஒரு பார்சல் வந்தது.

நடுப்பகல். அண்ணி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில்தான் இருந்தாள், ஜன்னலோரம் தையல் பிரித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் பார்சலை வாங்கி மேஜையில் வைத்தாள். கனமில்லை. அழுத்தினால் மெத்தென்று போயிற்று. யாரோ நத்தையைச் சரிபண்ண அனுப்பியிருப்பார்கள். கத்தரியை எடுத்து டேப்பை வெட்டினாள்.

சாம்பல் நிறத் தும்பிக்கை முதலில் வெளியே வந்தது.

அண்ணி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

ஒரு காது பாதி பிய்ந்திருந்தது. துவைத்துத் துவைத்து நிறம் வெளுத்துப்போயிருந்தது. வயிற்றின் இடது பக்கம் பருப்பளவு ஒரு பழுப்புக் கறை. அந்த இடத்தில் யாரோ கறுப்பு நூலால் அழுத்தித் தைத்திருந்தார்கள். ஒரு தடவை அல்ல. தையலுக்கு மேல் தையல், அதற்கு மேல் தையல், ஓட்டை விழ விழ மூடியது போல. கூடவே ஒரு துண்டுக் காகிதம்: உங்கள் தாளின் அடியில் இருந்த முகவரியைப் பார்த்துத்தான் இது உங்கள் கை என்று தெரிந்தது, பெரியவனுடையது, காதைத் தைத்துக் கொடுத்தால் சின்னவனுக்குக் கொடுக்கலாம், ஒன்பது மாதம் ஆகிறது. கீழே ஒரு நம்பர்.

சின்னவள் வயிற்றைப் பிரித்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. ஊக்கு திறந்திருந்தது. துருப்பிடித்த முனை அந்தக் கறுப்புத் தையலுக்கு நேர் கீழே, வெளியே பார்த்து நின்றது.

"எடுத்துட்டு காத தச்சு அனுப்பிடு," என்றாள் அண்ணி. குரலில் பழைய வேகம் இல்லை. "எடுத்தாச்சுல்ல. இனிமே ஒண்ணும் ஆகாது."

சின்னவள் போனை எடுத்தாள். அண்ணி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"யானை வந்துதாக்கா?" என்றாள் அந்த அம்மா, சின்னவள் யாரென்று சொன்னதும். அதே குரல். பின்னால் அதே போல ஒரு மழலை, வேறு குழந்தையினுடையது.

"வந்துதும்மா. வயித்துல நிறைய தச்சிருக்கீங்களே."

"அதுவா. அந்த எடத்துல மட்டும் நூல் அறுந்துக்கிட்டே இருக்கும். எலி கிலி கடிக்குதோன்னு பாத்தேன். பெரியவன் கூட சின்ன வயசுல யானை கடிக்குது, யானை கடிக்குதுன்னு அழுவான். கடிக்காதுடா, பொம்மடான்னு சிரிப்போம். ஒரு தடவ கன்னத்துல கீறிக்கிட்டு வந்து நின்னான், இதுதான் கடிச்சுதுன்னான். பொய் சொல்றியான்னு அவங்க அப்பா ரெண்டு போட்டாரு. அப்புறம் கட்டிப்பிடிச்சுத் தூங்கறத விட்டுட்டான். ஆனா தூக்கிப் போடவும் மாட்டேன்னுட்டான், வாலப் புடிச்சுக்கிட்டே தூங்குவான்."

"எப்படி இருக்கான்மா?"

"யாரு, பெரியவனா? நல்லாத்தான் இருக்கான். பத்து வயசு. கன்னத்துல ஒரு கோடு மட்டும் இருக்கு. ஏன்க்கா?"

சின்னவள் சொன்னாள். டப்பா, பன்னிரண்டு, பதினொன்று, டீச்சரின் செருப்புச் சத்தம், சாயம் என்று சொன்னது பொய் என்பது. எதையும் விடவில்லை. யார் யோசனை என்பதை மட்டும் சொல்லவில்லை.

மறுமுனையில் குழந்தையின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எதையோ வாயில் வைத்துச் சப்புகிற சத்தம்.

"இத எடுத்து இவன் கையில குடுக்கறதா இருந்தேன்," என்றாள் அந்த அம்மா கடைசியில். "நீங்க அன்னைக்கு போன்ல பேசும்போது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்."

"நான்தான் தண்ணியில முக்கிப் பாத்தேன். உங்க பேச்ச நம்பி, சாயம் போகுதான்னு." குழந்தையின் வாயிலிருந்து எதையோ பிடுங்கும் சத்தம் கேட்டது. "யானை வேணாம். அந்த ஊக்க அனுப்புங்க."

"ஊக்கையா?"

"அவன்கிட்ட காட்டணும். அது கடிச்சுதுன்னு எட்டு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கான்."

போன் வைக்கப்பட்டது. மன்னிப்பு என்ற பேச்சை அந்த அம்மாவும் எடுக்கவில்லை, சின்னவளும் கேட்கவில்லை.

சின்னவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். ஊக்கைப் பஞ்சிலிருந்து விடுவித்து, தாளின் நடுவில் வைத்து, மேலே டேப் ஒட்டினாள். யானைகளைக் கொடுத்த அந்த வெள்ளிக்கிழமையின் தேதியை எழுதினாள். கீழே தன் பெயரை எழுதினாள். அதைத் தூக்கிக்கொண்டுபோய் அண்ணியின் முன்னால் வைத்தாள், முன்னெல்லாம் மேஜையில் வைப்பது போலவே.

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். முனை முழுசாக இருக்கிறதா, துண்டு ஏதாவது குறைகிறதா என்று டேப்பின் மேல் விரலை வைத்து ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தடவினாள். அதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

"முனை ஒடஞ்சிருக்கு," என்றாள்.

சின்னவள் குனிந்து பார்த்தாள். ஆமாம். நுனியில் கடுகளவு இல்லை.

இரண்டு பேரும் பஞ்சை வெள்ளைத் துணியில் கொட்டித் தேட ஆரம்பித்தார்கள். இழை இழையாக. வெயில் ஜன்னலைத் தாண்டிச் சுவருக்குப் போகும்வரை தேடினார்கள். யானையின் தோலை உதறினார்கள், பார்சல் காகிதத்தைத் தடவினார்கள். அதன் பிறகு சின்னவள் போனை எடுத்து, அதே நம்பரை மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை அண்ணி தலையை ஆட்டவில்லை.

மணி போய்க்கொண்டிருந்தது. "அந்தக் கன்னத்துக் கோட்டை ஒரு டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு," என்றாள் அண்ணி, தாளை இன்னும் கையெழுத்துப் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு. "சாயம்னு சொல்லச் சொன்னது நான்தான்னும் சொல்லு."